1565: பல்லக்கிலிருந்து இறங்காத கிழவர்

ஒரு நூற்றாண்டு, சில ஆண்டுகள் – அத்தியாயம் 14

பல்லக்கு வேண்டாம், குதிரையில் ஏறிக்கொள்ளுங்கள் என்று தளபதிகள் மன்றாடினார்கள். கிழவர் அசையவில்லை. எதிரே நிற்பவர்கள் சிறுபிள்ளைகள், முதல் மோதலிலேயே ஓடிவிடுவார்கள், அவர்களுக்காக இத்தனை ஜாக்கிரதை எதற்கு என்று சொல்லிவிட்டார். அது 1565 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. இடம் கிருஷ்ணா நதியின் தென்கரை. பொழுது சாய்வதற்குள் அந்தக் கிழவரின் தலை ஈட்டி முனையில் ஏறியிருந்தது.

இந்தக் காட்சியை நமக்குச் சொல்பவர் பெரிஷ்தா. பிஜப்பூர் சுல்தானின் ஆதரவில், போர் முடிந்து நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதியவர். வென்றவர் வீட்டுக் கதை என்பதால் அதில் உப்பும் காரமும் சற்றுத் தூக்கலாக இருக்கலாம். ஆனால் அந்தச் ‘சிறுபிள்ளைகள்’ என்ற சொல்லை மட்டும் அவர் சும்மா போடவில்லை. அதற்குப் பின்னால் இருபதாண்டுக் கதை இருக்கிறது.

சென்ற அத்தியாயத்தில் 1556-ஐப் பார்த்தோம். பதின்மூன்று வயதுப் பையன் அக்பர் அரியணை ஏறிய ஆண்டு அது. ஒன்பது ஆண்டுகள் தள்ளி வந்தால் காட்சி தலைகீழாக இருக்கிறது. 1565-ல் உலகின் பெரிய களங்களில் எல்லாம் கிழவர்கள் நிற்கிறார்கள். விஜயநகரத்தை ஆண்ட ராமராயருக்கு வயது எண்பதை ஒட்டி. கான்ஸ்டான்டிநோபிளில் சுல்தான் சுலைமானுக்கு எழுபது. மால்டா தீவில் அவருடைய படையை எதிர்த்து நின்ற ழான் தெ லா வாலெட்டுக்கும் ஏறக்குறைய அதே வயது. அந்தத் தீவை முற்றுகையிட வந்த கடலோடி துர்குத் எண்பதை நெருங்கியவர். பசிபிக் கடலில் ஒரு கப்பலுக்கு வழி சொன்ன துறவி உர்தனேத்தாவுக்கு ஐம்பத்தேழு. பல்லும் பார்வையும் நாற்பதிலேயே விடைபெறத் தொடங்கிவிடும் அந்தக் காலத்தில் ஐம்பத்தேழும் கிழம்தான்.

கிழவர்களிடம் இருக்கும் ஒரே பெரிய சொத்து ஞாபகம். யார் எதை ஞாபகம் வைத்திருந்தார்கள் என்பதுதான் இந்த ஆண்டின் கதை.

மருமகனின் ஆட்டம்

கன்னடத்தில் ‘அளிய’ என்றால் மருமகன். கிருஷ்ணதேவராயரின் மகளை மணந்ததால் அளிய ராமராயர் என்றே வரலாற்றில் அவர் பெயர் நின்றுவிட்டது. 1542-லிருந்து சிம்மாசனத்தில் இருந்தவர் சதாசிவராயர். ஆட்சி செய்தவர் ராமராயர். சதாசிவரைக் காவலில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மக்களுக்குத் தரிசனம் கொடுக்க வெளியே அழைத்து வருவார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தேர்த்திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் உற்சவர் மாதிரி.

வடக்கே பாமினி அரசு ஐந்து துண்டாக உடைந்து கிடந்தது. பிஜப்பூர், அகமதுநகர், கோல்கொண்டா, பீதர், பெரார். இவர்களுக்குள் பங்காளிச் சண்டை ஓயவே இல்லை. ராமராயரின் ராஜதந்திரம் எளிமையானது. இருவர் சண்டையிட்டால் ஒருவருக்குத் துணை போவது, கூலியாக ஒரு கோட்டையோ சில பரகணாக்களோ வாங்கிக்கொள்வது, அடுத்த முறை மற்றவருக்குத் துணை போவது. ஒரு காலத்தில் அகமதுநகரோடு சேர்ந்து பிஜப்பூரை அடித்தார். 1558 வாக்கில் பிஜப்பூரோடு சேர்ந்து அகமதுநகரை அடித்தார். இருபது ஆண்டுகள் இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது.

அந்தச் சுல்தான்களுக்கும் அவருக்கும் இருந்த உறவைப் பார்த்தால்தான் ‘சிறுபிள்ளைகள்’ புரியும். கோல்கொண்டாவின் இப்ராகிம் குதுப் ஷா, அண்ணனுக்குப் பயந்து ஓடிவந்து ஏழு ஆண்டுகள் விஜயநகரத்தில் அடைக்கலமாக இருந்தவர். அங்கே தெலுங்கு பழகி, பிறகு தன் அரசவையில் தெலுங்குக் கவிஞர்களை வைத்துப் போற்றினார். அவர்கள் அவரை ‘மல்கிபராமுடு’ என்று செல்லமாக அழைத்தார்கள். பிஜப்பூரின் அலி அடில் ஷா, ராமராயரின் மகன் இறந்தபோது துக்கம் கேட்க நேரிலேயே விஜயநகரம் வந்தார். ராமராயரின் மனைவி அவரைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதாகப் பெரிஷ்தா எழுதுகிறார். ஒருவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர், இன்னொருவர் சுவீகாரப் பிள்ளை. இவர்களா வந்து என்னை வெல்லப் போகிறார்கள்?

ஆனால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மானம் உண்டு. சுல்தான்களின் தூதர்களை ராமராயர் தன் முன்னால் உட்காரவே விடமாட்டார் என்றும், தோற்ற அகமதுநகரின் உசேன் நிஜாம் ஷா நேரில் வந்து தன் கையால் வெற்றிலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சமாதானத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தார் என்றும் பெரிஷ்தா சொல்கிறார். வெற்றிலை கொடுப்பவர் மேலே, வாங்கிக்கொள்பவர் கீழே. இந்த நாட்டில் அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டையைப் பறிகொடுத்தவன் ஒருநாள் மறந்தாலும் மறப்பான். வாங்கிய வெற்றிலையை மறக்கமாட்டான்.

1564-ல் சுல்தான்கள் கல்யாணம் பேசினார்கள். உசேன் நிஜாம் ஷாவின் மகள் சாந்த் பீபி, அலி அடில் ஷாவுக்கு மனைவியானார். சீதனம், இரு அரசுகளும் காலங்காலமாக அடித்துக்கொண்டிருந்த சோலாப்பூர்க் கோட்டை. அலியின் தங்கை, உசேனின் மகன் முர்தசாவுக்கு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். சண்டைக்குக் காரணமாக இருந்த கோட்டையே சீரில் வந்துவிட்ட பிறகு சண்டையிட என்ன இருக்கிறது? இருபதாண்டு ஆட்டத்தின் அச்சாணி இங்கே கழன்றது. எதிராளிகள் எப்போதும் பிரிந்தே இருப்பார்கள் என்பதுதான் ராமராயரின் முழுக் கணக்கு.

டிசம்பரில் சுல்தான்களின் படைகள் தாலிக்கோட்டை அருகே கூடின. அதனால் போருக்கு அந்தப் பெயர். ஆனால் போர் அங்கே நடக்கவில்லை. தாலிக்கோட்டை ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது, போர் நடந்தது தெற்கே. ராக்கசகி, தங்கடகி என்ற இரு ஊர்களின் பெயரைச் சேர்த்து ராக்கச–தங்கடிப் போர் என்று சொல்பவர்களும் உண்டு. ஆற்றைக் கடக்க வசதியான துறையை விஜயநகரப் படை காவல் காத்து நின்றது. சுல்தான்கள் வேறு துறை தேடுவதுபோல் கரையோரமாகவே மூன்று நாள் நடந்தார்கள். எதிர்க்கரையில் விஜயநகரப் படையும் காவலை விட்டுவிட்டுக் கூடவே நடந்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பி வந்து பழைய துறையிலேயே ஆற்றைக் கடந்துவிட்டார்கள். சிறுபிள்ளை விளையாட்டுத்தான், ஆனால் பலித்தது.

போரில் முதலில் விஜயநகரத்தின் கைதான் ஓங்கியது. ராமராயரின் தம்பிகள் திருமலையும் வேங்கடாத்ரியும் இரு சிறகுகளில் நின்று எதிரியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நடுவில் உசேன் நிஜாம் ஷாவின் பீரங்கி வரிசை. அதைக் கவனித்தவர் துருக்கியரான சலபி ரூமி கான். எதிரிகள் மிக அருகில் வரும்வரை காத்திருந்து, பீரங்கிக்குள் குண்டுக்குப் பதிலாகச் செப்புக்காசு மூட்டைகளைத் திணித்துச் சுட்டார். அருகில் வந்த கூட்டத்தின் மேல் ஆயிரக்கணக்கான காசுகள் சிதறிப் பாய்ந்தன. பெரிஷ்தாவின் கதையில் இன்னொரு காசும் வருகிறது. வீரர்களை ஊக்கப்படுத்த ராமராயர் பொன்னையும் மணியையும் குவித்து வைத்து, நன்றாகப் போரிடுபவர்களுக்கு வாரி வழங்கிக்கொண்டிருந்தாராம். அந்தக் களத்தில் ஒரு பக்கத்துக் காசு பரிசு, மறுபக்கத்துக் காசு எமன்.

குழப்பத்தில் பல்லக்குத் தூக்கிகள் பயந்து ஓட, யானை ஒன்று கிழவரை வளைத்தது. பிடித்துக்கொண்டு போய் உசேன் நிஜாம் ஷா முன்னால் நிறுத்தினார்கள். வெற்றிலை வாங்கியவர் அவர். தாமதிக்கவில்லை. தலையைக் கண்டதும் விஜயநகரப் படை சிதறியது.

இதை இந்து–முஸ்லிம் போர் என்று சுருக்கிச் சொல்வது எளிது. ஆனால் ராமராயர் படையில் முஸ்லிம் தளபதிகள் இருந்தார்கள். சுல்தான்கள் பக்கம் மராட்டியக் குதிரை வீரர்கள் இருந்தார்கள். ராமராயரின் முஸ்லிம் தளபதிகள் இருவர் கட்சி மாறியதால்தான் போர் தோற்றது என்று வெனிஸ் வணிகர் சேசரே பெதரீச்சி எழுதினார். இது நடந்ததா, நடந்தாலும் அதுதான் தோல்விக்குக் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதத்துக்கு இடமில்லாத செய்தி ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளாகத் தனித்தனியாகவே பார்த்துப் பழகியவர்கள் அன்று ஒன்றாக வந்தார்கள். அந்த வேறுபாட்டைப் பார்க்க ராமராயரின் கண்ணுக்குப் பழக்கமில்லை.

திருமலை, சதாசிவரையும் கருவூலத்தையும் யானைகளில் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போனார். காவல் இல்லாத நகரம் மாதக்கணக்கில் கொள்ளை போனது. இரண்டாண்டு கழித்து, 1567-ல், பெதரீச்சி அங்கே போய் ஏழு மாதம் தங்கினார். வீடுகள் நின்றன, மனிதர்கள் இல்லை, புலியும் காட்டு விலங்குகளும்தான் குடியிருந்தன என்று குறித்து வைத்தார். இன்று ஹம்பிக்குப் போகிறவர்கள் பார்ப்பது அந்த வெறுமையின் மிச்சம். விருபாட்சர் கோயிலில் மட்டும் பூஜை தொடர்கிறது.

வென்ற உசேன் நிஜாம் ஷா அந்த ஆண்டைத் தாண்டவில்லை. ஊர் திரும்பிச் சில மாதங்களில் இறந்தார். சம்பந்திகள் மறுபடி சண்டையிடத் தொடங்கினார்கள். ராமராயரின் கணக்கு முழுக்கத் தப்பல்ல. ஒரே ஒரு நாளைக்குத்தான் தப்பிப்போனது.

துடுப்பு வலித்த இருவர்

ராமராயரின் நகரம் எரிந்துகொண்டிருந்த மாதங்களில், மேற்கே கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து சுமார் இருநூறு கப்பல்கள் கிளம்பின. மே 18 அன்று அவை மால்டா தீவின் கண்ணுக்குத் தெரிந்தன. கப்பல்களில் முப்பதாயிரம் பேர் அளவுக்குப் படை இருந்தது. தீவில் புனித யோவான் சபையின் போர்த்துறவிகள் ஐந்நூற்றுச் சொச்சம். உள்ளூர் மால்டா மக்களையும் கூலிப்படையையும் சேர்த்தால் ஆறாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1522-ல் இதே சபை ரோட்ஸ் தீவில் இருந்தது. இளம் சுல்தான் சுலைமான் முற்றுகையிட்டு வென்றார். வென்றவர் பெருந்தன்மையாகத் துறவிகளை உயிரோடு போகவிட்டார். போனவர்களில் ஒருவர் பிரெஞ்சு இளைஞர் வாலெட். வீடில்லாமல் அலைந்த சபைக்கு 1530-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். வாடகை ஆண்டுக்கு ஒரு வல்லூறு. அங்கிருந்துகொண்டு அவர்கள் துருக்கியக் கப்பல்களைக் கொள்ளையடித்தார்கள். நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து சுலைமான் தன் பெருந்தன்மைக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தார். இம்முறை அவர் நேரில் வரவில்லை. தரைப்படைக்கு முஸ்தபா பாஷா, கடற்படைக்குப் பியாலே பாஷா, இருவருக்கும் யோசனை சொல்லத் துர்குத் என்று மூன்று பேரை அனுப்பினார். ஒரு படைக்கு மூன்று தலை என்றால் என்ன ஆகும் என்பது ஊரறிந்த விஷயம்.

துர்குத்தும் வாலெட்டும் எதிரெதிர் பக்கம் நின்றாலும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளி துடுப்புக்கப்பலின் அடித்தளம். அடிமைகளைப் பலகையோடு சங்கிலியால் பிணைத்து, சவுக்கின் கீழே துடுப்பு வலிக்க வைக்கும் இடம். உண்பதும் உறங்குவதும் மலஜலம் கழிப்பதும் அந்தப் பலகையிலேயே. 1540-ல் துர்குத்தை ஜெனோவாக்காரர்கள் பிடித்தார்கள். சில ஆண்டுகள் துடுப்பு வலித்தபின் பணம் கொடுத்து மீட்கப்பட்டார். 1541-ல் வாலெட்டைத் துருக்கியர் பக்கத்துக் கடலோடிகள் பிடித்தார்கள். ஓராண்டு துடுப்பு. இருவருக்கும் தோல்வி என்பது முதுகில் எழுதப்பட்ட பாடம்.

துர்குத் வந்துசேரச் சில நாள் தாமதமானது. அதற்குள் மற்ற இருவரும் ஒரு முடிவெடுத்துவிட்டார்கள். துறைமுக வாயிலில் இருந்த சின்னஞ்சிறு செயின்ட் எல்மோ கோட்டையை முதலில் பிடிப்பது. கப்பல்களுக்குப் பத்திரமான ஒதுங்கிடம் வேண்டும் என்பது பியாலேயின் கவலை. சில நாளில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். வந்து பார்த்த துர்குத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் தொடங்கியதை நிறுத்தினால் மானம் போகும் என்று தானே பீரங்கிகளை நகர்த்தி வைத்துப் போரை நடத்தினார்.

சில நாள் என்று நினைத்தது நான்கு வாரம் இழுத்தது. எல்மோவுக்குள் இருந்தவர்கள் தாங்கமாட்டாமல், எங்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று வாலெட்டுக்கு எழுதினார்கள். அவர் மறுத்துப் பார்த்தார், பிறகு வேறு வழியில் வந்தார். சரி, நீங்கள் வரலாம், உங்கள் இடத்துக்கு விரும்பி வருகிறவர்களை அனுப்புகிறேன் என்று பதில் போனது. ரோஷம் வந்து அவர்கள் அங்கேயே நின்றார்கள். ஒவ்வோர் இரவும் துறைமுகத்தின் மறுகரையிலிருந்து படகில் ஆள் வந்தது. காயம்பட்டவர்கள் திரும்பிப் போனார்கள். ஜூன் 23 அன்று கோட்டை விழுந்தது. உள்ளே சுமார் 1,500 பேர் செத்திருந்தார்கள். பிடிக்க வந்தவர்களில் செத்தவர்கள் ஏறக்குறைய 6,000. சில நாளுக்கு முன் பீரங்கிச் சிதறல் பட்டு விழுந்த துர்குத் அந்த நாளில்தான் உயிரை விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை படிக்க இனிமையானவை அல்ல. செத்த துறவிகளின் உடல்களைத் துருக்கியர் சிலுவைபோல் கட்டி மறுகரைக்கு மிதக்கவிட்டார்கள். வாலெட் தன்னிடமிருந்த துருக்கியக் கைதிகளின் தலைகளை வெட்டிப் பீரங்கியில் வைத்து எதிர்ப்பக்கம் சுட்டார். அடிமைப் பலகையில் படித்த பாடம் மனிதனை இளக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஜூலை, ஆகஸ்ட் இரு மாதமும் மதில்கள் மீது வெயிலும் நெருப்பும் பொழிந்தன. மால்டாவின் நீச்சல்காரர்கள் வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு நீந்திப்போய், கடலில் நட்ட தடுப்புக் கழிகளைப் பிடுங்க வந்தவர்களோடு தண்ணீருக்குள்ளேயே மல்லுக்கட்டினார்கள். பெண்களும் பிள்ளைகளும் கல் சுமந்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று மறுகரைக் கோட்டை விழும் நேரத்தில் முஸ்தபா திடீரென்று படையைத் திரும்ப அழைத்தார். பின்னாலிருந்து உதவிப்படை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். உண்மையில் வந்தது தீவின் உள்ளேயிருந்த ம்தீனா ஊரிலிருந்து கிளம்பிய சிறு குதிரைப்படை. காவலில்லாத துருக்கியப் பாசறைக்குள் புகுந்து வெட்டிவிட்டுப் போயிருந்தது. ஆகஸ்ட் 18 அன்று கண்ணிவெடியில் மதில் பிளந்து, எதிரிகள் உள்ளே ஏறியபோது எழுபது வயது வாலெட் ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு தானே ஓடினார். காலில் காயம். பின்வாங்கச் சொன்னபோது மறுத்தார். ராமராயரும் பல்லக்கை விட்டு இறங்க மறுத்தவர்தான். ஆனால் அவர், எதிராளி ஓடிவிடுவான் என்று நம்பி மறுத்தார். எதிராளி ஓடமாட்டான் என்று ரோட்ஸிலேயே பார்த்தவர் வாலெட்.

செப்டம்பர் 7 அன்று சிசிலியிலிருந்து உதவிப்படை இறங்கியது. மறுநாள் முற்றுகை கலையத் தொடங்கியது. மால்டா இன்றும் செப்டம்பர் 8-ஐ வெற்றித் திருநாளாகக் கொண்டாடுகிறது. அடுத்த ஆண்டு எல்மோ கோட்டை நின்ற குன்றின் மேல் புது நகரத்துக்குக் கல் நாட்டினார்கள். பெயர் வல்லெட்டா. அதே ஆண்டு சுலைமான் ஹங்கேரியில், இன்னொரு முற்றுகையின் நடுவே கூடாரத்தில் இறந்தார்.

நங்கூரம் இறக்கத் தெம்பில்லாத கப்பல்

மூன்றாவது கிழவரின் களத்தில் பீரங்கி முழங்கவில்லை. அங்கே எதிரி காற்று.

மெக்சிகோவின் மேற்குக் கரையிலிருந்து கிளம்பினால் காற்றே உங்களை ஆசியாவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். வெப்பமண்டலக் கடலில் அது கிழக்கிலிருந்து மேற்கே ஓயாமல் வீசுகிறது. போவது சுலபம். திரும்புவது எப்படி? 1522-லிருந்து ஸ்பானியர்கள் மீண்டும் மீண்டும் முயன்று தோற்றார்கள். கிளம்பிய கப்பல்கள் காற்றை எதிர்த்து முட்டி, பசியில் வாடி, போர்ச்சுகீசியரிடம் சரணடைந்தன. திரும்பி வர வழியில்லாத இடத்தில் ராஜ்யம் நடத்த முடியாது.

அந்திரேஸ் தெ உர்தனேத்தா பாஸ்க் நாட்டுக்காரர். 1525-ல் பதினேழு வயதில், உலகை முதன்முதலில் சுற்றிவந்த கப்பலின் தலைவர் எல்கானோவோடு ஏழு கப்பல் கொண்ட பயணத்தில் சேர்ந்தவர். வாசனைத் தீவுகளைத் தொட்டது ஒரே கப்பல். எல்கானோ நடுக்கடலில் இறந்தார். அந்தத் தீவுகளில் உர்தனேத்தா சிக்கிக்கொண்டார். போர்ச்சுகீசியரோடு சண்டை, வெடிமருந்து விபத்தில் வெந்த முகம், உள்ளூர் மொழி, உள்ளூர்க் காற்று. பதினோரு ஆண்டு கழித்து, 1536-ல், போர்ச்சுகீசியக் கப்பலில்தான் ஐரோப்பா திரும்ப முடிந்தது. லிஸ்பனில் இறங்கியதும் அவருடைய வரைபடங்களையும் குறிப்புகளையும் பறித்துக்கொண்டார்கள். பறிக்க முடியாதது தலைக்குள் இருந்தது.

பிறகு மெக்சிகோவுக்குப் போய் அகுஸ்தீன் சபைத் துறவியானார். 1559-ல் மன்னர் இரண்டாம் பிலிப் கடிதம் எழுதினார். கடலுக்குப் போக வேண்டும். துறவி சம்மதித்தார், ஒரு விவாதத்தோடு. பிலிப்பைன்ஸ் தீவுகள் ஒப்பந்தப்படி போர்ச்சுகலின் பங்கில் விழுகின்றன, அங்கே போவது நியாயமில்லை என்றார். அதிகாரிகள் தலையாட்டினார்கள். 1564 நவம்பர் 21 அன்று லெகாஸ்பியின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. நடுக்கடலில் முத்திரையிட்ட உத்தரவைப் பிரித்தார்கள். போகவேண்டிய இடம் பிலிப்பைன்ஸ். துறவிகள் ஏமாற்றப்பட்டதை உணர்ந்தபோது கரை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

ஏப்ரல் 27 அன்று செபு தீவை அடைந்தார்கள். ஜூன் 1 அன்று ‘சான் பெத்ரோ’ என்ற கப்பல் திரும்பக் கிளம்பியது. தலைவன் லெகாஸ்பியின் பேரன், பதினெட்டு வயதுப் பையன். வழி சொன்னவர் கிழவர். கிளம்பிய மாதத்தைக் கவனியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று எழும் வேளை. அதன் முதுகில் ஏறி அவர் மெக்சிகோவை நோக்கிப் போகவில்லை. வடக்கே, ஜப்பான் கடலின் திசையில் போனார். ஏறக்குறைய 39 பாகை வடக்கில், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று இருந்தது. முன்னால் போனவர்கள் எல்லோரும் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டினார்கள். இவர் காற்று மனம் மாறும் இடத்தைத் தேடிப் போனார்.

செப்டம்பர் 18 அன்று கலிபோர்னியாக் கரை தெரிந்தது. ஆனால் கப்பலில் நோய் முற்றியிருந்தது. புதிய காய்கனி இல்லாமல் ஈறு வீங்கிப் பல் உதிரும் ஸ்கர்வி. மீகாமன் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். அக்டோபர் 8 அன்று அக்காபுல்கோவில் நுழைந்தபோது நங்கூரம் இறக்கக்கூட ஆட்களிடம் தெம்பில்லை.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உர்தனேத்தா முதலில் திரும்பியவர் அல்லர். கூட்டத்திலிருந்து பிரிந்த ‘சான் லூக்காஸ்’ என்ற சிறு கப்பல் இரண்டு மாதம் முன்னதாக, ஆகஸ்டிலேயே மெக்சிகோவை அடைந்துவிட்டது. அதை ஓட்டிய மீகாமன் லோப்பே மார்ட்டின், ஆப்பிரிக்க ரத்தம் கலந்த போர்ச்சுகீசியர். கூட்டத்தை விட்டு ஓடியவர் என்ற பழி அவர் மேல் விழுந்தது. அடுத்த கப்பலில் அவரை மறுபடி பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்ததும் தூக்கிலிட வேண்டும் என்ற உத்தரவும் அதே கப்பலில் போனது. விஷயம் தெரிந்து அவர் கலகம் செய்தார், கடைசியில் ஒரு பவளத்தீவில் கைவிடப்பட்டார். பாதையைக் கண்டதில் இருவருக்கும் பங்கு உண்டு. பெயர் ஒருவருக்குத்தான் போனது.

அந்தப் பாதையில் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள் கப்பல் ஓடியது. அமெரிக்க வெள்ளி மணிலா வழியாகச் சீனாவுக்குப் போனது, பட்டும் பீங்கானும் திரும்பி வந்தன. மரங்களும் பயணம் செய்தன. நாம் சப்போட்டா என்று சொல்லும் சொல் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் பிறந்தது. அந்த மரம் பிலிப்பைன்ஸுக்குப் போனது இந்தக் கப்பல்களில்தான்.

தெற்கே என்ன ஆனது?

விஜயநகரம் சரிந்ததும் தமிழகத்தில் மறுநாளே எதுவும் மாறவில்லை. மதுரையில் விசுவநாதரின் மகன் கிருஷ்ணப்ப நாயக்கர் பட்டத்துக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தஞ்சையில் செவ்வப்ப நாயக்கர். செஞ்சியிலும் நாயக்கர் ஆட்சி. மூவரும் பெனுகொண்டாவைப் பெயரளவில் தொடர்ந்து வணங்கினார்கள். ஆனால் பேரரசின் கை எட்டாத தூரம் நாளுக்கு நாள் கூடியது. பிறகு வந்த நாயக்கர் காலக் கோபுரங்களும் மண்டபங்களும் அந்தத் தூரத்தில் எழுந்தவை. மேற்கே கோவாவின் போர்ச்சுகீசியருக்குப் பெரிய அடி. அரபுக் குதிரைகளை வாங்கிக்கொண்டிருந்த பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். இலங்கையில் அதே ஆண்டு போர்ச்சுகீசியர் கோட்டை என்ற நகரைக் காக்க முடியாமல் கைவிட்டு, மன்னர் தர்மபாலரை அழைத்துக்கொண்டு கொழும்புக்குள் ஒதுங்கினார்கள்.

இளைஞர்களும் சும்மா இருக்கவில்லை. இருபத்திரண்டு வயது அக்பர் அந்த ஆண்டுதான் ஆக்ராவில் செங்கல் கோட்டையை இடித்துவிட்டுச் சிவப்புக் கல்லில் புதிதாகக் கட்டத் தொடங்கினார். ஹம்பியில் கல் சரிந்த ஆண்டில் ஆக்ராவில் கல் ஏறியது.

வாலெட்டும் உர்தனேத்தாவும் ஒரே ஆண்டில், 1568-ல் இறந்தார்கள். வாலெட்டின் உடல் அவர் பெயர் தாங்கிய நகரத்தில் இருக்கிறது. உர்தனேத்தா ஸ்பெயினுக்குப் போய் மன்னரிடம் அறிக்கை கொடுத்தார். பிலிப்பைன்ஸ் நமக்குரியதல்ல என்று அப்போதும் சொன்னார். பிறகு மெக்சிகோவின் மடத்துக்குத் திரும்பிக் கண்ணை மூடினார். ஒருவர் ரோட்ஸையும் துடுப்பையும் மறக்கவில்லை. இன்னொருவர் வீணாய்ப்போன பதினோரு ஆண்டுகளை மறக்கவில்லை. ராமராயரின் நினைவிலும் தோல்விகள் இருந்திருக்கும், இளமையில் கோல்கொண்டாவில் வேலை பார்த்து அவமானப்பட்டு வெளியேறியவர் அவர் என்றொரு பழைய குறிப்பு உண்டு. ஆனால் இருபது ஆண்டு வெற்றி அதை மூடிவிட்டது. பல்லக்கில் உட்கார்ந்தவருக்கு எதிரே தெரிந்தவர்கள், தன் வீட்டில் சாப்பிட்ட பழைய பிள்ளைகள்தான். அவர்களுக்கும் வயதாகியிருந்தது.

மால்டாவிலிருந்து தோற்றுத் திரும்பிய கப்பற்படை ஆறே ஆண்டில் இன்னும் பெரிய கடற்போருக்குப் போகும். அதே ஆண்டில் உர்தனேத்தாவின் பாதையின் மறுமுனையில் ஒரு நகரம் பிறக்கும். லெபாண்டோவும் மணிலாவும் அடுத்த அத்தியாயத்தில்: 1571.

(தொடரும்)